கறுப்புப் பூசிய இரண்டு டயர்கள்

செம்பூரில் டயர் என்றால் என் கடைதான். இதை நான் சொல்லவில்லை, டிராம்பே ரோட்டில் டாங்கர் ஓட்டுகிறவர்கள் சொல்கிறார்கள். ஆறாம் வகுப்பில் பாதியிலேயே நின்றவள் நான். தமிழை இன்றைக்கும் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருப்பதைக் கண்ணாடி போடாமலே படித்துவிடுவேன். எந்த வருஷம் எந்த வாரம் பிறந்தது, எவ்வளவு பாரம் தாங்கும், எவ்வளவு காற்று பிடிக்கும், எல்லாம் அதிலேயே இருக்கிறது. என்ஜினியர் படித்த பிள்ளைகள் வந்து நின்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். கடையைக் கட்டி எழுப்பினவள் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

போன மாதம் மாட்டுங்காவிலிருந்து ஒரு இளம் தம்பதி வந்தார்கள். காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துவருகிற சின்ன வண்டி ஒன்று வைத்திருந்தார்கள். உள்ளே இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு. லீவு நாளில் காட்டுப் பக்கம் போய்த் தங்குவார்களாம். வருகிற வழியில் ஒரு டயர் வெடித்துவிட்டது. அதற்கு மட்டும் புதிது போட்டால் போதும் என்றான் அந்தப் பையன்.

"இன்னொண்ணு பர்ஃபெக்டா இருக்கு ஆன்ட்டி. ஓடவே இல்லையே" என்றான்.

ஓடாததுதான் அதன் வியாதி என்றேன். வருஷக்கணக்கில் வெயிலில் ஒரே இடத்தில் பாரத்தோடு நின்ற டயருக்குத் தரையைக் கவ்வுகிற பட்டன் தேயாது, பார்க்கப் புதிதாக இருக்கும். ரப்பர் மட்டும் உள்ளே செத்துப்போயிருக்கும். குனிந்து பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினேன். தலைமுடி அளவுக்கு வெடிப்புகள் வாய் திறந்தன. போட்டால் இரண்டும் புதிது, ஒரே அளவு, ஒரே பாரம். காருக்குப் போடுகிற மெல்லிய டயர் இதற்கு ஆகாது. ஒன்று மட்டும் நான் போடமாட்டேன், வேறு கடை பார் என்றேன். காரின் டயர் வெடித்தால் ஓட்டுகிறவன் கையில் தெரியும். பின்னால் வருகிற வண்டியின் டயர் வெடித்தால் அது சாய்கிற வரைக்கும் அவனுக்குத் தெரியாது. வியாபாரத்துக்காகப் பேசுகிறேன் என்று அவன் நினைத்திருப்பான். ஓடும்போது உள்ளே யாரும் படுப்பதில்லையே என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். ஐயோ, அது தப்பு ஆன்ட்டி என்றாள். நல்ல பெண்.

எங்கள் காலத்தில் அது தப்பு என்று யாருக்கும் தெரியாது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தாராவியில் எங்கள் வீடும் அத்தை வீடும் ஒரே சுவர். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அந்த வருஷம் சயான் ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கும்போது கூட்டம் தள்ளிவிட்டதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, கட்டிலோடு கிடந்தாள். உட்காரக் கூடாது, மல்லாக்கப் படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமா டிராம்பேயில் டாங்கர் டிரைவர். அவர்களுக்கு ஒரே மகள், எனக்கு மைனி, பூனாவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மைனிக்குப் பிள்ளை பிறந்து, ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் என்று கடுதாசி வந்தது. அத்தை அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். கேட்டு ஒன்றும் அழவில்லை. சாப்பிடுவதை மட்டும் குறைத்துவிட்டாள்.

மாமா இரண்டு நாள் டூட்டி முடிந்தும் எங்கெங்கோ அலைந்துவிட்டு வந்தார். மூன்றாம் நாள் வியாழக்கிழமை, கூட்டாளி ஒருவருடைய ஜீப்பில், பின்னால் ஒரு தகர வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து தொண்ணூறு அடி ரோட்டில் நிறுத்தினார். நில அளவைக்குப் போகிறவர்கள் காட்டில் தங்குவதற்காகச் செய்த வண்டி. இரண்டு சக்கரம், ஜன்னல், உள்ளே பலகைக் கட்டில். அம்பர்நாத்தில் ஒரு கம்பெனி மைதானத்தில் பல வருஷமாகச் சும்மா நின்றதாம், தெரிந்தவர் மூலம் கேட்டு வாங்கியிருந்தார். அத்தையைப் படுத்தபடியே பூனாவுக்குக் கொண்டுபோய்விடலாம். கட்டிலுக்குப் பக்கத்தில் அம்மா உட்கார்ந்து பார்த்துக்கொள்வது, மாமாவும் அப்பாவும் ஜீப்பில் போவது என்று பேச்சு. எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. என்னை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

அன்று இரவு அத்தை இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில் மாமா வண்டியைச் சுற்றி வந்தார். ஜீப்பின் டயர்கள் புதிது. தகர வீட்டின் டயர்களிடம் வந்ததும் குத்தவைத்து உட்கார்ந்தார். கட்டைவிரல் நகத்தைப் பக்கவாட்டு வெடிப்பில் வைத்து அழுத்தினார். நகம் உள்ளே போயிற்று. இந்த அளவுக்குப் புதிது திங்கட்கிழமைதான் வரும் என்று குர்லா டயர் கடையில் சொல்லிவிட்டார்கள். அங்கே உடனே கிடைத்தது கார் டயர். சக்கரத்தில் ஏறும், பாரம் தாங்காது. நடுவில் காட் மலை வேறு இருக்கிறது. இதெல்லாம் அப்பாவிடம் அவர் தணிந்த குரலில் சொன்னது. கடைசியில் ஒன்று சொன்னார்.

"உங்க அக்கா மூஞ்சியப் பார்த்து இல்லைன்னு சொல்ல எனக்கு நாக்கு எழும்பல. காத்து நிறைச்சு வச்சிருக்கேன். நாளைக்குக் காலையில ஒருக்கா பாக்கேன். இன்னொரு இடத்துலயும் நகம் உள்ள போச்சுன்னா பயணம் இல்ல."

சொல்லிவிட்டு டூட்டிக்குப் போய்விட்டார். டயரில் வெடிப்பு இருக்கிறதாம், நாளைக்குப் பார்த்துத்தான் சொல்வாராம் என்று அப்பா போய் அத்தையிடம் சொல்லிவைத்தார். சுவரோரம் நின்ற எனக்கு விளங்கியது ஒன்றுதான். நகம் உள்ளே போகக் கூடாது.

அப்பா தோல் பை தைக்கிறவர். எங்கள் வீட்டுப் பரணில்தான் பட்டறை. மட்டமான தோல் வந்தால், அதில் வெடிப்போ கீறலோ இருந்தால், தோல் தூளை ரப்பர் சொலூஷன் என்கிற பசையில் குழைத்து அப்பி, காய்ந்ததும் தேய்த்து, பையின் விளிம்புக்கு அடிக்கிற கறுப்பைப் பூசிவிடுவார். பெரிய கடைக்காரர்களே தடவிப் பார்த்து நல்ல தோல் என்று எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த அப்புகிற வேலை எனக்கும் வரும். எட்டு வயதிலேயே அப்பாவைவிடச் சுத்தமாகச் செய்வேன் என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள். சும்மாவா பின்னாளில் கடை வைத்தேன்?

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் சொலூஷன் டப்பாவையும் கறுப்பையும் எடுத்துப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு போனேன். முதலில் சோப்புப் போட்டு டயரைக் கழுவினேன். பார்த்தவர்கள் கெட்டிக்காரப் பிள்ளை என்றார்கள். பிறகு சக்கரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு வெடிப்பாக அடைத்தேன். விரலால் வழித்தேன். காய்ந்ததும் தேய்த்துக் கறுப்படித்தேன். இரண்டு டயரும் கம்பெனியிலிருந்து அப்போதுதான் இறங்கியது போல மின்னின. என் நகத்தை வைத்து அழுத்திப் பார்த்தேன். உள்ளே போகவில்லை. இன்றைக்கும் சொல்கிறேன், வேலை என்று பார்த்தால் அது முதல்தரமான வேலை.

சாயங்காலம் தலை பின்னிக்கொள்ள அத்தையிடம் போனேன். நான் தரையில் முதுகு காட்டி உட்கார, அவள் படுத்தபடியே கையை நீட்டிப் பின்னுவாள். அன்றைக்குப் பின்னல் பாதியில் நின்றது.

"கையில என்னதுட்டி?"

"பேக்கு வேலை, அத்தை."

"சொலூஷன் நாத்தமா அடிக்கி. இங்க கொண்டா."

என் கையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முழங்கை வரை இழுபட்டிருந்த கறுப்பைப் பார்த்தாள். பாவாடையில் அப்பியிருந்த ரோட்டு மண்ணைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். நான் சொன்னதை நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். தலைமாட்டில் இருந்த தேங்காய் எண்ணெயை எடுத்து, ஒவ்வொரு விரலாக, நகக்கண் வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கறுப்பை எடுத்தாள். துடைத்த துணியைச் சுருட்டித் தலையணைக்கு அடியில் சொருகிக்கொண்டாள். மாமா வந்தால் திட்டுவார், போய்ப் பாவாடையை மாற்று என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, நாளைக்கு நீ வண்டிக்குள் வர வேண்டாம், இரண்டு பேருக்கு உள்ளே காற்று காணாது, நான் தனியாகப் படுத்துக்கொள்கிறேன் என்றாள். அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. புதுச்சேலையைத் தேய்த்து வைத்திருந்தாள். அத்தை பிடிவாதமாக இருந்தாள். மாமா வந்து கேட்டுவிட்டு, சரி, அப்படியென்றால் என்று ஒரு மணியைக் கொண்டுவந்தார். கட்டிலிலிருந்து கயிறு கட்டி, மணி ஜீப்பில். தண்ணீர் வேண்டுமென்றால் இழு என்றார்.

"மெதுவா ஓட்டுவியளா?" என்று கேட்டாள் அத்தை.

"மாட்டு வண்டி கணக்கா ஓட்டுதேன். போதுமா?"

அத்தை சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

சனிக்கிழமை காலையில் மாமா டயரின் முன்னால் குத்தவைத்தபோது நான் ஜீப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். இருபது வருஷம் டாங்கர் ஓட்டினவர். நகத்தை வைத்து அழுத்தினார். போகவில்லை. இன்னொரு இடம். போகவில்லை. யார் கழுவினது என்று கேட்டார், நான் என்றேன். அழுக்கைத்தான் வெடிப்பு என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னார். இன்று யோசித்தால், அவர் கை டயரைத் தடவியதே தவிர, கண் சந்துப் பக்கம் இருந்தது. அங்கே நாலு பேர் கட்டிலோடு அத்தையைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். தலையில் கனகாம்பரம், கையில் பிள்ளைக்குத் தைத்த வெள்ளைச் சட்டை.

கோணாமல் உள்ளே ஏற்றினார்கள். அத்தை ஜன்னல் வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். சந்து சனம் முழுக்க வேடிக்கை. மாமா மணிக்கயிற்றை இழுத்துப் பார்த்தார். கயிறு ஒரு திருப்பத்தில் அறுந்தால் என்ன செய்வது என்று அவருக்கு அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும். சுற்றிப் பார்த்தவர் கண்ணில் நான் பட்டேன்.

"இந்தா, இந்தப் பிள்ள சின்னதுதான, இதுக்கு எவ்வளவு காத்து வேணும்? ஏறி அத்தைகிட்ட உக்காருட்டி. இன்னைக்கு ஒருநா பள்ளிக்கூடம் போகாட்டா ஒண்ணும் கெட்டுப்போகாது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. செருப்பைக்கூடத் தேடவில்லை, ஓடிப்போய்ப் படியில் காலை வைத்தேன்.

"வேண்டாம்" என்றாள் அத்தை.

தனியாக இருந்தால் போதும் என்றாள். மாமா விடவில்லை. ஆபத்துக்கு ஓர் ஆள் இல்லாமல் வண்டியை எடுக்கமாட்டேன் என்றார். என்னை இடுப்பில் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்தார். நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு அந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள். அதை நாலாக மடித்து மாமாவிடம் நீட்டினாள்.

"இதக் கொண்டுபோய் பிள்ளைக்குப் போடுங்க. எனக்கு வயித்தப் புரட்டுது. நான் வரல. இறக்குங்க."

மாமா கெஞ்சினார். பிறகு சத்தம் போட்டார். கூட்டத்துக்கு முன்னால் மானம் போகிறது என்றார். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியவள், கட்டில் வீட்டுக்குள் போகிற வரைக்கும் திறக்கவில்லை. மாமா சட்டையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் பூனா போனார்.

நான் அழுத அழுகை கொஞ்சமில்லை. அவ்வளவு பாடுபட்டு அப்பி, தேய்த்து, கறுப்படித்தது எல்லாம் இவளுடைய ஒரு வயிற்றுப் புரட்டலில் போயிற்றே என்று ஆத்திரம். ஒரு வாரம் அத்தையிடம் பேசவில்லை. தலைகூட அம்மாவிடமே பின்னிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அந்த வண்டியைத் திருப்பிக் கொடுக்க மாமா அம்பர்நாத்துக்கு இழுத்துப் போனார். காலி வண்டி. மும்ப்ரா தாண்டியதும் இடது பக்க டயர் வெடித்து, கொக்கி அறுந்து, தகர வீடு பள்ளத்தில் கவிழ்ந்தது. பலகைக் கட்டில் இருந்த பக்கம் அப்பளமாக நொறுங்கியதாம். மாமாவுக்கு ஒரு கீறல் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து அத்தையின் காலடியில் உட்கார்ந்தவர் வெகு நேரம் எழுந்திருக்கவே இல்லை. நான் பரணில் ஏறி சொலூஷன் டப்பாவைத் தோல் கட்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் அது என்று நினைப்பு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மாமா எழுந்து நின்று சாட்சி சொன்னார். கர்த்தர் சரியான வேளையில் என் மனைவியின் வயிற்றைப் புரட்டி எங்களைக் காத்தார் என்று சொல்லி அழுதார். சபையே அழுதது. நான் ஓடிவந்து, பேசக்கூடாது என்று இருந்ததையும் மறந்து, அத்தையிடம் அதைச் சொன்னேன். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

"கர்த்தர் என் வயித்துக்குள்ளயா வந்தாரு? சரி, உக்காரு. தலையப் பாரு, குருவிக்கூடு."

பின்னிவிட்டாள். மைனி பிள்ளையை ரயிலில் தூக்கிக்கொண்டு வந்தபோது அதற்கு நாலு பல் முளைத்திருந்தது. வெள்ளைச் சட்டை அதற்குப் பற்றவில்லை. அத்தை அதை மடித்து வைத்துக்கொண்டாள்.

நல்ல நேரத்தில் அத்தைக்கு வயிறு புரட்டியதே என்று நானும் கர்த்தருக்கு வெகுகாலம் நன்றி சொல்லியிருக்கிறேன். அத்தை போய்ச் சேர்ந்து, நான் சொந்தமாகக் கடை போட்டு, எத்தனையோ டயரை நகத்தால் அழுத்தி வேண்டாம் என்று தள்ளிய பிறகுதான் ஒருநாள் அது எனக்கு உறைத்தது. கட்டிலோடு தூக்கி ஏற்றியபோது அத்தைக்கு வயிறு புரட்டவில்லை. மணிக்கயிறு கட்டியபோதும் புரட்டவில்லை. நான் ஏறின பிறகுதான் புரட்டியது.