செலாயாங்கில் ஒரு பை பனி

செலாயாங் சந்தையில் வெக்கை தாங்கவில்லை. மீன் பெட்டியில் கொட்டியிருக்கும் ஐஸில் கையை விட்டு உருண்டை பிடிக்கிறேன்.

"தம்பி, மீன் வாங்கு லா. ஐஸோட என்ன விளையாட்டு?" என்கிறார் கடைக்கார அக்கா.

"கனடாவில வளர்ந்தனான், அக்கா. ஸ்நோ கொட்டிக் கதவை மூடினா பள்ளிக்கூடம் இல்லை. எனக்குத் திருவிழா."

"அப்புறம் படிப்பு எப்படி ஏறும்?"

"ஏறவே இல்லை. ஆனா அண்டைக்கு மட்டும்தான் அப்பாவும் வேலைக்குப் போகாமல் வீட்டில நிப்பார். ரெண்டு பேரும் உருண்டை எறிஞ்சு சண்டை பிடிப்பம்."

"இப்ப அப்பா?"

"பென்ஷன் எடுத்திட்டார். நாள் முழுக்க வீட்டிலதான். நான்தான் அங்க இல்லை."

அக்கா பிளாஸ்டிக் பையில் ஐஸை அள்ளி, ரப்பர் வளையம் போட்டு நீட்டுகிறார்.

"அப்பாவுக்கு புங்குஸ், பார்சல் கட்டிட்டேன். உருகறதுக்குள்ள போய்ச் சேரு லா."