கேட்டுப் போட்ட சரி

என் வலது காதை இடி கொண்டுபோனது. இப்படிச் சொன்னால் ஆட்கள் வானத்தைப் பார்க்கிறார்கள். நான் வெளியில் நிற்கவில்லை. திருகோணமலைத் தொலைபேசி நிலையத்தில், என் கதிரையில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தேன். ஐப்பசி மழை. நிலாவெளிப் பக்கத்துக் கம்பியில் எங்கேயோ இடி விழ, அதன் சத்தம் நேரே என் காதுக்குள் வந்துவிட்டது. டொக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "இனி உந்தக் கருவி போட ஏலாது, மிஸ். மற்றக் காதையாவது காப்பாத்துங்கோ" என்றார். காது போனது போகட்டும், வேலையையும் அல்லவா இந்த மனிதன் விடச் சொல்கிறான் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்த வேலையில் எனக்கு அவ்வளவு பிடிப்பு. துறைமுக அலுவலகங்கள், ஐஸ் தொழிற்சாலை, கிண்ணியா வியாபாரிகள் எல்லாரும் என் கையால்தான் ஒருவரோடொருவர் கதைத்தார்கள். முகம் ஒன்றும் தெரியாது. ஆனால் யாருக்குத் தடிமன், யார் வீட்டில் காலையிலேயே சண்டை என்பது முதல் 'ஹலோ'விலேயே தெரிந்துவிடும். கேட்ட எண்ணை ஒவ்வோர் இலக்கமாகத் திருப்பிச் சொல்லவேண்டும் என்பது எங்கள் விதி. ஏழு மூன்று ஐந்து என்று அவர் சொன்னால், ஏழு மூன்று ஐந்து என்று நான் சொல்ல, கை தானாகக் கம்பியைப் பலகையில் அந்த எண்ணின் துளையில் செருகிவிடும். பழகிய பிறகு கண்ணுக்கு அங்கே பெரிய வேலையில்லை.

சிலர் தொலைபேசியை எடுத்துவிட்டு எண் சொல்லாமல் மூச்சு மட்டும் விடுவார்கள். அப்படியானவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. "நம்பர் இல்லாட்டி ஏன் எடுக்கிறியள்?" என்று கேட்டுவிட்டுக் கம்பியை இழுத்துவிடுவேன். பக்கத்துக் கதிரைக்காரிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள்.

பெற்றோர் இல்லை. யாழ்ப்பாணத்தில் அண்ணன் இருந்தார். செய்தி கேட்டு பஸ் ஏறி வந்தவர், ஓர்ஸ் ஹில்லில் நான் வாடகைக்கு இருந்த அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இஞ்ச தனிய இருந்து என்ன செய்யப் போறாய்? எங்களோட வந்து இரு. அண்ணிக்கும் கையுதவி" என்றார்.

கையுதவி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அண்ணி நல்லவள்தான். ஆனால் அவளுடைய குசினியில், அவள் சொல்லும் அளவுக்கு உப்புப் போட்டு, மிச்சக் காலத்தை நின்றபடியே கழிக்க என்னால் முடியாது.

"கணக்குப் படிக்கிறன் அண்ணா. வேலை எடுப்பன்."

"உனக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "சரி, செய்து பார். வேலை நிரந்தரமாகாட்டி மறுகதை இல்லை, வந்திட வேணும்" என்றார்.

"ஓம்" என்றேன்.

ஆழம் தெரியாமல் காலை விட்ட கதைதான். மெயின் ஸ்ட்ரீட்டில் ஒரு கடையின் மேல்மாடியில் மாலை வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்த பெடியள் நடுவில் நான் ஒருத்திதான் வளர்ந்தவள். வரவு எது, செலவு எது என்று மண்டையை உடைத்து ஒருவாறு பரீட்சை பாஸ் பண்ணி, துறைமுகத்தடியில் ஒரு கப்பல் முகவர் கம்பனியில் கணக்கு எழுத இடம் கிடைத்தது. முதலில் தற்காலிகம். அலுவலகத்தை நடத்தும் பிரதம இலிகிதருக்குத் திருப்தி என்றால்தான் நிரந்தரம்.

அந்த அலுவலகம் என்னை ஊமையாக்கியது. எல்லாரும் குனிந்தபடி எழுதுவார்கள். மின்விசிறி சுற்றும். மத்தியானம் அவரவர் பார்சலை அவரவர் மேசையில் பிரித்துத் தின்பார்கள். காலையில் ஒரு 'குட்மோர்னிங்' சொன்னால் மாலைவரை என் வாய்க்கு வேலையில்லை. அறைக்குத் திரும்பி, பல்லிக்கு ஏசுவேன், என் குரலைக் கேட்பதற்காக.

மாதக் கடைசியில் மட்டும் வாசிப்பு நடக்கும். ஒருவர் தினப் புத்தகத்தைப் பார்த்துத் தொகைகளைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் தன் முன்னால் இருக்கும் பேரேட்டில் அதே தொகை இருக்கிறதா என்று பார்த்துப் பென்சிலால் சரி போடவேண்டும். எனக்கு வாசித்தவர் கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் மனிதர், எல்லாருக்கும் அவர் நானா. களப்பைக் கடக்க ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றுகிற மிதவை இருந்ததே, நாங்கள் பாதை என்போம், அதில் வந்து, அதைப் பிடிக்க ஓடிப் போகிறவர். என் காதைப் பற்றி அறிந்ததும் கேட்காமலே கதிரையை இடது பக்கம் தூக்கிப் போட்டுக்கொண்டார்.

அந்த மனிதருடைய குரல் சாதாரணக் குரல்தான். ஆனால் இரண்டு நாள் முழுக்க ஒரு மனிதக் குரல் எனக்காக மட்டும் ஒலித்தது. இடையிடையே "மிஸ், கொஞ்சம் பொறுங்க, தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்பார். அதுகூட எனக்குப் பெரிய கதை. மாதம் முழுக்க அந்த இரண்டு நாளுக்காகக் காத்திருந்தேன். அவருக்கு மனைவி பிள்ளைகள் உண்டு. நான் அவரிடம் வேறொன்றையும் எதிர்பார்க்கவில்லை. குரல் போதும்.

ஒரு மாதம் கணக்கின் இரண்டு பக்கமும் ஒத்துவரவில்லை. அலுவலகமே தேடியது. கடைசியில் பிரதம இலிகிதர் என் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். நானா வாசித்தது நானூற்றுப் பதினெட்டு. பேரேட்டில் இருந்தது நானூற்று எண்பத்தொன்று. பக்கத்தில் என்னுடைய சரி, அழகாக.

"இதைப் பார்த்துத்தான் போட்டீங்களோ, மிஸ்?"

"கேட்டுப் போட்டனான்" என்றேன்.

உண்மை அதுதான். அவர் சொல்ல, நாலு ஒன்று எட்டு என்று நான் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். கை சரி போட்டிருக்கிறது. கண் ஜன்னலால் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அறை முழுக்கச் சிரித்தது. அதுவரை என்னோடு ஒரு வார்த்தை கதைக்காதவர்களும் சிரித்தார்கள். பிரதம இலிகிதர் சிரிக்கவில்லை.

"இனி உங்களுக்கு ஆரும் வாசிக்க வேண்டாம். ரெண்டு புத்தகத்தையும் முன்னால வைச்சுத் தனியப் பாருங்கோ. மூண்டு மாசம் ஒத்து வந்தா வேலை. வராட்டி நான் ஒண்டும் செய்ய ஏலாது."

அண்ணியின் குசினி கண்ணுக்குள் வந்து நின்றது. ஓம் என்று தலையாட்டினேன்.

நானாவை வேறொரு மேசைக்காரருக்கு வாசிக்க விட்டார்கள். மாதக் கடைசியில் அந்தக் குரல் அறையின் மறுமுனையிலிருந்து வந்தது, வேறு ஒருவருக்காக. என் கண் புத்தகத்தில் நிற்காமல் அந்தப் பக்கம் போனது. முதல் நாள் பின்னேரம் அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை நேரத்தோடு வந்து, கதிரையைத் திருப்பிப் போட்டு, கேட்காத காதை அவர்கள் பக்கம் வைத்துக்கொண்டேன். கண் மெல்ல மெல்ல வேலைக்குப் பழகியது. அந்த மாதம் ஒத்து வந்தது. அடுத்ததும், அதற்கடுத்ததும்.

மூன்றாவது மாதக் கணக்கைப் பார்த்து முடித்து, பிரதம இலிகிதர் என் மேசைக்கு வந்தார். "நிரந்தரமாக்கச் சொல்லி எழுதிப் போட்டன். இனி உங்களுக்கு ஒரு துணையும் தேவையில்லை, மிஸ்" என்றார். அவரிடமிருந்து வந்த ஒரே பாராட்டு அது. நானா எட்டிப் பார்த்து, "சந்தோசம் மிஸ்" என்றார். உடனே பையைத் தூக்கிக்கொண்டு பாதையைப் பிடிக்க ஓடினார். மற்றவர்களும் போய்விட்டார்கள். அன்று பூட்டுவது என் முறை, சாவி என்னிடம் இருந்தது.

யாரிடமாவது சொல்லவேண்டும் போல் இருந்தது. மூலையில் இருந்த தொலைபேசியை எடுத்து இடது காதில் வைத்தேன். நான் வேலை செய்த அதே நிலையம்தான், ஆனால் குரல் புதுப் பிள்ளையினது.

"நம்பர் பிளீஸ்."

அண்ணன் வீட்டில் தொலைபேசி இல்லை. வேறு யாருடைய எண்? துறைமுகத்து எண்கள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். அவற்றில் ஒன்றிலும் என்னைத் தெரிந்த ஆள் இல்லை. அந்தப் பிள்ளைக்குப் பின்னால் பலகையில் கம்பிகள் செருகும் சத்தம் கேட்டது. யாரோ யாருக்கோ தேத்தண்ணி ஊற்றச் சொன்னார்கள். ஒருத்தி சிரித்தாள்.

"நம்பரைச் சொல்லுங்கோ" என்றாள் மறுபடியும்.

நான் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தேன்.

"நம்பர் இல்லாட்டி ஏன் எடுக்கிறியள்?" என்று கேட்டுவிட்டுக் கம்பியை இழுத்தாள்.