வெளிப்பக்கக் குதிரையின் முன்கால்

சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிற ஆள் நான். மொன்றியலின் லாசாலில் தமிழ்க்கடை வரிசையில் நிற்கும்போதுகூட, யார் யாரை இடித்துக்கொண்டு முன்னுக்குப் போகிறார் என்று பார்த்தபடி நிற்பேன். "இஞ்சாருங்கோ, நாங்கள் கருவேப்பிலை வாங்க வந்தனாங்கள். ஒருத்தரும் உங்களிட்டை முறைப்பாடு தரேல்லை," என்பாள் மனைவி. அவள் சொல்வது நியாயம்தான். ஆனால் சிவப்பு ஜாக்கெட்காரர் குறுக்கே புகுந்ததும் உண்மைதானே.

நான் குதிரைப் பந்தய நடுவர். குதிரையின் முதுகில் ஏறி ஓட்டுகிற பந்தயம் அல்ல இது. குதிரைக்குப் பின்னால் இரண்டு சில்லு வண்டியைப் பூட்டி, சாரதி காலை நீட்டி அதில் இருந்துகொண்டு ஓட்டுகிற பந்தயம். எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்த மாட்டுவண்டிச் சவாரி என்று சொன்னால் போதும். உடனே தலையாட்டுவார்கள். அடுத்ததாக, "அதுக்கெல்லாம் ஒரு நடுவரோ?" என்று கேட்பார்கள்.

மொன்றியலில் இருந்த திடல் மூடிப் பல வருடமாகிறது. அங்கே வாகனத் தரிப்பிடத்தில் கை காட்டுகிற வேலையில் தொடங்கி, முடிவுக்கோட்டுக் கமரா வரைக்கும் ஏறினேன். திடலை மூடியபோது எங்கள் ஆட்கள் எல்லோரும் இனி நான் களஞ்சியத்தில் பெட்டி தூக்கப் போகிறேன் என்று கதைத்தார்கள். நான் வீம்புக்குப் படித்துச் சோதனை எழுதி நடுவரானேன். இப்போது கோடை முழுவதும் கிழக்கே ஒன்றரை மணி நேரம் கார் ஓடி இன்னொரு திடலுக்குப் போகிறேன். அங்கே கண்ணாடிக் கூண்டில் நாங்கள் மூன்று பேர். தலைமை நடுவர் ஒரு பெண்மணி, சிரிப்பைக் கண்டால் காரணம் கேட்கிறவர். அடுத்தவர் முந்தி வண்டி ஓட்டிய கிழவர். மூன்றாவது நான்.

இந்தப் பந்தயத்தில் குதிரை தன் நடையில்தான் ஓட வேண்டும். நடை பிசகிப் பாயத் தொடங்கினால் சாரதி அதை இழுத்து நிதானப்படுத்த வேண்டும், அதற்குள் மற்றவை தாண்டிப் போய்விடும். இன்னொருவர் குறுக்கே வந்ததால்தான் தன் குதிரை பிசகியது என்று ஒரு சாரதி நினைத்தால், ஓட்டம் முடிந்த கையோடு எங்களிடம் முறைப்பாடு சொல்ல வேண்டும். பலகையில் விசாரணை விளக்கு எரியும். நாங்கள் வீடியோவை ஓடவிட்டு, நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, இரண்டு கேள்வி கேட்போம். இடைஞ்சல் நடந்ததா? அதனால் அந்தக் குதிரை தனக்கு வரவேண்டிய இடத்தை இழந்ததா? இரண்டுக்கும் ஓம் என்றால், குறுக்கே வந்தவரை இடைஞ்சல் பட்டவருக்குப் பின்னால் போடுவோம். மூவரும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டு கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்.

எனக்குத் தெரிய, குபெக்கில் அந்த வண்டியில் ஏறுகிற தமிழர் ஒரே ஒருவர்தான். கூண்டில் இருக்கிற தமிழரும் ஒரே ஒருவர்தான். வேறு வினை வேண்டுமா?

அவருக்கு நாற்பது வயதிருக்கும். சின்னனிலேயே தாயோடு வந்து மொன்றியலின் கார்ட்டியர்வில் பகுதியில் வளர்ந்தவர். பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு பண்ணையில் லாயம் கூட்டப் போய், குதிரைகளோடேயே நின்றுவிட்டார். எங்கள் திடலுக்கு அவர் வந்த முதல் நாள், நாங்கள் மூவரும் கூண்டுக்குப் படியேறிக்கொண்டிருந்தோம். கீழே நின்று, முகமெல்லாம் சிரிப்பாக, "அண்ணை, சாப்பிட்டீங்களோ?" என்றார்.

நான் ஓம் என்று தலையாட்டிவிட்டு ஏறினேன். மேலே போனதும் தலைமை நடுவர் கதவைச் சாத்தினார்.

"அவர் உங்களிடம் என்ன சொன்னார்?"

"சாப்பிட்டீர்களா என்று கேட்டார்."

"ஏன்?"

இந்த 'ஏன்'-க்கு உலகத்தில் எந்தத் தமிழனாலும் பதில் சொல்ல முடியாது. அது எங்களுக்கு வணக்கம் சொல்வது, உங்கள் பொன்ஜூர் மாதிரி என்றேன். என் சாப்பாட்டில் ஒரு சாரதிக்கு என்ன அக்கறை என்று அவர் திரும்பக் கேட்டார். கிழவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தார். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. கள்ளம் செய்யாமலே கள்ளனைப் போல் முழிப்பது எப்படி என்று அன்றுதான் பழகினேன்.

அடுத்த வாரம் தரிப்பிடத்தில் அவரைக் கண்டபோது, நாலு பேர் பார்க்கும்படி நின்று சொன்னேன்: "தம்பி, இஞ்சை என்னோடை தமிழ் கதைக்க வேண்டாம். என்னோடை கதைக்கவே வேண்டாம்."

"விளங்குது அண்ணை," என்றார். அதற்குப் பிறகு தலையை மட்டும் அசைப்பார். அந்தத் தலையசைப்பையும் நான் சும்மா விடவில்லை. இவ்வளவு கெதியாக ஒருவருக்கு ஏன் விளங்க வேண்டும் என்று யோசித்தேன். கோயிலில் அவரைக் கண்டால் மற்றப் பக்கத்தால் சுற்றிப் போவேன். வீட்டுத் தொலைபேசியில் தெரியாத இலக்கம் வந்தால் எடுக்க மாட்டேன். "அந்தப் பெடியன் உங்களுக்கு என்ன செய்தவன்?" என்று மனைவி கேட்டாள். ஒன்றும் செய்யவில்லை, செய்யுமுன் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஓகஸ்ட் மாதம், ஒரு பிற்பகல். இறுதி ஓட்டத்துக்கு ஆள் எடுக்கிற போட்டி. முதல் நான்கு குதிரைகள் போகலாம். அவர் ஒரு சாம்பல் நிறப் பெண்குதிரையை ஓட்டினார். பண்ணையில் பிறந்த நாளிலிருந்து அவரே பழக்கிய குதிரை, ஆனால் அவருடையது அல்ல. உரிமையாளர் நினைத்தால் வேறு சாரதியை ஏற்றலாம். அந்த இறுதி ஓட்டத்தில் ஓடினால்தான் தன் பெயர் அந்தக் குதிரையோடு நிலைக்கும் என்று அவர் நம்பியிருந்தது லாயத்தில் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதாக வந்தார். வந்த வேகத்தில் விசாரணை விளக்கு எரிந்தது. கடைசி வளைவில் அவர் வண்டி வெளியே சரிந்து தன் குதிரையைக் குழப்பிவிட்டது என்று வெளிப்பக்கத்தில் ஓடிய சாரதி முறையிட்டிருந்தார். அந்தக் குதிரை நடை பிசகி எட்டாவதாக வந்திருந்தது.

வீடியோவைப் போட்டோம். அவர் வண்டியின் சில்லு வெளியே வந்ததென்னவோ உண்மை. வெளிப்பக்கக் குதிரை பிசகியதும் உண்மை. எது முந்தி என்பதுதான் கேள்வி. இரண்டாம் முறை, பின்பக்கக் கமராவில், நான் கண்டேன். வெளிப்பக்கக் குதிரையின் இடது முன்கால் தாளம் தப்பி நிலத்தில் விழுந்தபோது சில்லு இன்னும் தன் கோட்டில்தான் இருந்தது. ஒரு கண்சிமிட்டு நேரம்தான். ஆனால் கமராவுக்கு முன்னால் வருடக்கணக்காக இருந்த கண் எனக்கு.

தலைமை நடுவர் தொலைபேசியில் இரண்டு சாரதிகளிடமும் கேட்டார். எங்கள் ஆள் பிரெஞ்சில் இரண்டே வரி சொன்னார்: கடிவாள வார் நேராகத்தான் இருந்தது, நான் யாரையும் தொடவில்லை. கிழவர் இடைஞ்சல் இல்லை என்றார். தலைமை நடுவர் இருக்கிறது என்றார். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. நான் இல்லை என்று சொன்னால், 'ஓகோ, சாப்பிட்டாயிற்றா' என்று அந்த அம்மா மனதுக்குள் சொல்லுவார் என்று நினைத்தேன். அடுத்த நொடி இன்னொன்றும் நினைத்தேன்: அன்றைக்கு இந்தத் தம்பி சிரித்தது இதற்காகவேதானோ? இன்னொரு முறை பார்ப்போமா என்று கிழவர் கேட்டார். தேவையில்லை என்றேன். கையை உயர்த்தினேன். இடைஞ்சல்.

சாம்பல் குதிரை இரண்டாம் இடத்திலிருந்து வெளிப்பக்கக் குதிரைக்குப் பின்னால் போனது. இறுதி ஓட்டம் போயிற்று. சாரதிக்குப் பதினைந்து நாள் தடை. அவர் சாரதிகள் சங்கத்தின் மூலம் மேன்முறையீடு செய்தார். அது முடியும்வரை ஓட்ட அனுமதி உண்டு.

வீட்டுக்குக் கார் ஓடும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். தன் ஆள் என்று பார்க்காத மனிதன் என்று கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டேன்.

அதன்பின் அவர் ஓட்டம் மாறிவிட்டது. நேர்ப்பாதையில் நன்றாக வருவார். வளைவு வந்ததும், இடைவெளி கிடந்தாலும், வாரை இழுத்துப் பிடித்துப் பின்தங்குவார். ஒருமுறை அல்ல, ஆறேழு ஓட்டம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். வெல்லக்கூடிய குதிரையை ஒருவர் இழுத்துப் பிடித்தால் எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பணம் கட்டிய யாரோ சொல்லித் தோற்கிறார். நான் நினைத்தது சரிதான், ஆள் சுத்தமில்லை என்று எனக்கு நிம்மதியாகவே இருந்தது. எந்த நாள், எந்த ஓட்டம், எந்த வளைவு என்று விவரமாக எழுதித் தலைமை நடுவரிடம் கொடுத்தேன். அவர் தம்பியைக் கூப்பிட்டு எச்சரித்தார். செப்டெம்பரில் உரிமையாளர் சாம்பல் குதிரைக்கு வேறு சாரதியைப் போட்டார்.

மேன்முறையீடு ஒக்டோபரில், மொன்றியல் நகர மத்தியில் ஒரு அலுவலகத்தில். நடுவர்கள் சார்பில் என்னைப் போகச் சொன்னார் தலைமை நடுவர். "நீங்கள் போனால் பாகுபாடு என்று ஒருவராலும் சொல்ல முடியாது," என்றார். என்னைக் குடையாகப் பிடிக்கிறார் என்று தெரிந்தது. தெரிந்துகொண்டுதான் மெட்ரோவில் ஏறினேன்.

சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி. இந்தப் பக்கம் சங்கத்தின் வழக்கறிஞர், பக்கத்தில் தம்பி, கோட் போட்டுக்கொண்டு. என்னைப் பற்றி என்ன சொல்லப்போகிறார் என்று அவரையே பார்த்தபடி இருந்தேன். தரிப்பிடத்தில் நான் அவமதித்தது, கோயிலில் முகம் திருப்பியது எல்லாவற்றையும் எடுத்துவைப்பார் என்று பதில்கள் தயார்செய்து வந்திருந்தேன்.

வளைவில் என்ன நடந்தது என்று அதிகாரி கேட்டார். தம்பி மெதுவாகச் சொன்னார்:

"நான் தொட்டதாக எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அப்படித்தான் சொன்னேன். பிறகு யோசித்தேன். அந்த மூன்று பேரில் இவர் ஒருவர். எங்கள் ஆள். என்னைக் காப்பாற்ற ஒரு வழி இருந்திருந்தால் இவர் அதைத் தேடியிருப்பார். தேடியும் கிடைக்காதபடியால்தானே கையை உயர்த்தினார். அப்படியென்றால் நான் செய்துதான் இருக்க வேண்டும். மேன்முறையீட்டை மீளப் பெறுகிறேன்."

வழக்கறிஞர் அவர் கையைப் பிடித்து ஏதோ முணுமுணுத்தார். அவர் தலையை ஆட்டி மறுத்தார். அதிகாரி பேனையைக் கையில் எடுத்துக்கொண்டு, நான் ஏதும் சொல்ல விரும்புகிறேனா என்று கேட்டார். வழமைக்குக் கேட்கிற கேள்வி. இல்லை என்று சொன்னால் ஐந்து நிமிடத்தில் வீட்டுக்குப் போகலாம்.

எனக்கு அந்த மனிதர் மேல் பொல்லாத கோபம் வந்தது. என்னை இப்படி நம்பச்சொல்லி இவரிடம் யார் கேட்டது? இரண்டு மாதமாக அவரிடம் நான் தேடிய கள்ளம் இப்போதாவது வெளியே வரும் என்று முகத்தைப் பார்த்தேன். அங்கே ஒன்றுமில்லை. அவர் உண்மையாகவே அப்படி நம்பினார்.

"வீடியோவைப் போடுங்கள்," என்றேன். "பின்பக்கக் கமரா."

நானே எழுந்து போய், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். முன்காலைக் காட்டினேன். சில்லைக் காட்டினேன். அதிகாரி மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தார்.

"இதை இப்போதுதான் கண்டீர்களா?"

"இல்லை. அன்றைக்கே கண்டேன்."

"அப்படியென்றால் ஏன் கையை உயர்த்தினீர்கள்?"

"அவர் தமிழர். நானும் தமிழர். நான் இல்லையென்று சொல்லியிருந்தால் என்னைச் சந்தேகிப்பார்கள் என்று பயந்தேன்."

முடிவை எழுத்தில் அனுப்புவதாகவும், நான் சொன்னதையும் அதில் குறிக்க வேண்டிவரும் என்றும் அதிகாரி சொன்னார். குறியுங்கள் என்றேன். நடுவர் வேலை இனி நிலைக்காது என்று அப்போதே தெரிந்தது. அதைப் பற்றி அப்போது எனக்குப் பெரிய கவலை வரவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் லிஃப்டுக்காக நின்றோம். வழக்கறிஞர் யாருடனோ தொலைபேசியில் பேசியபடி தள்ளிப் போய்விட்டார். தம்பி என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் போலிருந்தது.

"அப்ப நான் தொடேல்லை," என்றார்.

"இல்லை. நீர் தொடேல்லை."

தன் இரண்டு கையையும் ஒருதரம் பார்த்துவிட்டுக் கோட்டுப் பைக்குள் விட்டார். "ரெண்டு மாசமா வளைவு வந்தாலே எனக்குக் கை கூசும் அண்ணை. எனக்குத் தெரியாமல் கை இழுக்குது போலை, இன்னொருத்தனையும் விழுத்திப் போடுவனோ எண்டு பயம். அதுதான் இழுத்துப் பிடிச்சனான்."

மறைக்க இனி என்ன இருக்கிறது என்று, "அதைப் பற்றி எழுதிக் குடுத்ததும் நான்தான்," என்றேன். "நீர் வேணுமெண்டு தோற்கிறீர் எண்டு எழுதினனான்."

"தெரியும். தலைமை நடுவர் அம்மா வாசிச்சுக் காட்டினவ." அவர் குரலில் கோபமே இல்லை. "அண்ணை எழுதினால் அதிலையும் ஏதோ உண்மை இருக்கும் எண்டு நினைச்சன்."