நான் பூசிய மஞ்சள்

மனிதர்களே இல்லாமல் நிறங்கள் மட்டும் ஓடும் படங்கள் எடுப்பவன் நான். உசிலம்பட்டியில் மூடிவிட்ட ஒரு போட்டோ ஸ்டுடியோவின் பழைய நெகட்டிவ்களை எடைக்கு வாங்கினேன். வெளிச்சத்தில் தூக்கிக்கூடப் பார்க்காமல் ப்ளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறப்போட்டேன். உருவங்கள் கரைந்ததும் சாயம் பூசி, ஸ்கேன் செய்து படமாக்கினேன். நிறத்தில் யாரையும் தேடக் கூடாது என்று பெருமையாகச் சொல்லித் திரிந்த காலம் அது.

ஒரு நாள் சமயநல்லூரிலிருந்து ஒருவர் மதுரையில் என் வீட்டைத் தேடி வந்தார்.

"அந்த ஸ்டுடியோ நெகட்டிவ் உங்ககிட்ட இருக்காம்ல தம்பி. எங்க கல்யாணப் படம் அதுலதான் இருக்கு. ஆல்பம் மழையில நனைஞ்சு வீணாப்போச்சு. போன மாசம் அவளும் தவறிட்டா."

நெகட்டிவ்களைப் பார்க்காமலே கரைத்துவிட்டதைச் சொன்னேன்.

"நீங்க எடுத்த படத்தையாச்சும் காட்டுங்க."

லேப்டாப்பில் ஓடவிட்டேன். நீலம் போய், சிவப்பு போய், மஞ்சள் வந்தது.

"நிறுத்துங்க தம்பி. அவ அன்னைக்கு மஞ்சச் சேலதான் கட்டியிருந்தா."

திரையை விரலால் தடவினார். பிறகு அதைத் தன் செல்போனில் படம்பிடித்துக்கொண்டு கிளம்பினார்.

அந்த மஞ்சள் நான் புட்டியிலிருந்து எடுத்துப் பூசியது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது படத்தில் அந்த இடம் வரும்போதெல்லாம் நானும் தேடுகிறேன், ஒரு தடவைகூடப் பார்க்காமல் நான் அழித்துவிட்ட அந்த முகத்தை.