பூச வைத்திருந்த மண்

என்னிடம் இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று, தினசரி நாட்காட்டியிலிருந்து கிழித்தது. முன்பக்கத்தில் 1994 ஆகஸ்ட் 19, வெள்ளிக்கிழமை என்று அச்சாகியிருக்கிறது. அன்றே எழுதியதா, பழைய தாளை எடுத்துப் பிறகு எழுதியதா என்று சொல்ல முடியாது. ஆகஸ்ட் பிற்பகுதி என்று வைத்துக்கொள்கிறேன். பின்பக்கத்தில் வைத்தியரின் பென்சில் எழுத்து: நிலக்கடலை, கம்பு, எள், முட்டை, ஈரல், கருவாடு, கீரை வகை, கத்திரி, தக்காளி, புளி. அடியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே "ஆகாது". இன்னொன்று, பிரசவம் பார்க்கும் டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டு. அதுவும் அதே மாதத்தது. கீரை, முட்டை, ஈரல், கம்பு, எள்ளுருண்டை, நிலக்கடலை, பேரீச்சம்பழம். மேலே "ரத்தம் குறைவு, தினமும் சாப்பிடவும்" என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறார்.

முதல் தாள் என் வீட்டுக்காரருக்கு. இரண்டாவது எனக்கு. எங்கள் வீட்டில் அடுப்பு ஒன்றுதான்.

அப்போது கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஓர் அறை, அதை ஒட்டி ஒரு சமையல்கட்டு, இடையில் கதவு கிடையாது. அவர் மோட்டார் பம்பு செய்யும் கம்பெனியில் இரும்பு கடையும் டர்னர். கல்யாணமான அடுத்த ஆண்டு, 1992 மழைக்காலத்தில், அவருடைய தலையில் பொடுகு போல ஒன்று தொடங்கியது. தை பிறப்பதற்குள் முழங்கைக்கும் முழங்காலுக்கும் இறங்கிவிட்டது. சிவந்த திட்டு, அதன்மேல் வெள்ளிச் செதில். சொறிந்தால் செதில் உதிரும், அடியில் புள்ளி புள்ளியாக ரத்தம் கசியும். தோல் டாக்டர் அதற்கு சொரியாசிஸ் என்று பெயர் சொன்னார். ஒட்டாது, உயிருக்கு ஒன்றுமில்லை, வரும் போகும், முழுக்கப் போகாது என்றார். சோப்பைக் குறைக்கவும், குளித்த ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவவும் சொல்லி ஒரு களிம்பும் எழுதினார். சாப்பாட்டைப் பற்றி நான் கேட்டதற்கு, அதற்கும் இதற்கும் பெரிய சம்பந்தமில்லை என்றார். "முழுக்கப் போகாது" என்பது மட்டுமே என் வீட்டுக்காரர் காதில் விழுந்தது.

சோப்புக்குப் பதில் பாசிப்பயறு மாவு அரைத்து வைத்தேன். தலைக்கு வடித்த கஞ்சி. டெரிகாட்டன் சட்டைகளை எடுத்துவிட்டுப் பழைய பருத்திச் சட்டைகளாகத் தேடிக் கொடுத்தேன். கருநீலச் சென்னிமலைப் பெட்ஷீட்டில் காலையில் உதிர்ந்து கிடப்பது பளிச்சென்று தெரிந்தது. அதை மடித்து வைத்துவிட்டு வெள்ளை விரிப்பு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய முழங்கைத் திட்டின்மேல் பட்டர் பேப்பரை வைத்து ஓரத்தை வரைந்து தேதி போடுவேன். பள்ளி நாளிலிருந்தே எதற்கும் தேதி போட்டுவைக்கும் பழக்கம் எனக்கு. வாரத்துக்கு வாரம் அந்தக் கோடு வெளியே நகர்ந்துகொண்டிருந்தது. கம்பெனியில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் அவருக்கென்று ஒரு தனி டம்ளர் வந்திருந்தது. யார் வைத்தது என்று அவர் சொல்லவில்லை.

வைத்தியரைக் கண்டுபிடித்தது கம்பெனி ஆள் ஒருவர்தான். மேட்டுப்பாளையத்துக்கு அப்பால், பாக்குத்தோப்புக்குள் வீடு. நானும் போயிருந்தேன், எனக்கு அப்போது நாலாம் மாதம். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து எடுத்த எண்ணெய் ஒரு சீசாவில் கொடுத்தார். கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. புற்று மண்ணைச் சலித்து ஊறவைத்துத் திட்டுகளில் பூசி, காய்ந்ததும் கழுவிவிட்டு எண்ணெய் போடச் சொன்னார். ஒரு மண்டலம் பத்தியம். உப்பு அரைப்பங்கு. வீட்டுக்குள் தாளிக்கக் கூடாது. கடுகு வெடிக்கிற வாசம் மூக்கில் பட்டாலே பத்தியம் முறிந்துவிடும்.

"பக்கத்து ஊட்டுல தாளிச்சா என்னங்க பண்றது? ஒரே செவுருங்க" என்று கேட்டேன்.

"அதுக்கு நீங்க பொறுப்பில்லீங்க அம்மணி. உங்க அடுப்புக்கு மட்டுந்தான் நீங்க பொறுப்பு" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் என் வீட்டுக்காரர் என்னிடம், நீ வேண்டுமானால் பக்கத்து வீட்டு அடுப்பில் உனக்கென்று தனியாகச் செய்துகொள் என்றார். அது நடக்கிற காரியமா. அவர் புளியில்லாத ரசத்தைக் குடித்துக்கொண்டிருக்க, நான் அடுத்த வீட்டு வாசலில் உட்கார்ந்து முட்டை தின்பதா. ஒரு மண்டலம்தானே என்றேன். டாக்டரம்மா கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை இருந்தது. அதுவும் வயிற்றைக் கட்டியதால் சில நாளில் நிறுத்திவிட்டேன். ரத்தம் இல்லாமல் பிரசவத்துக்கு வந்தால் பிள்ளைக்கும் ஆபத்து, உனக்கும் ஆபத்து என்று டாக்டரம்மா சொல்லியிருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பிரசவம் தை மாதம். அது தூரத்தில் இருந்தது.

மண் வெள்ளகோவிலிலிருந்து வந்தது. அவருடைய அக்காவை அங்கே கட்டிக் கொடுத்திருந்தது. அவர்கள் விவசாயக் காட்டுக்குப் பக்கத்துக் காட்டு வேலியோரம் ஒரு பெரிய புற்று. அக்கா அதற்குச் சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டுக் கிழக்குப் பக்கமாகத் தோண்டி ஒரு பையில் கொண்டுவந்தார். சலித்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடி வைத்தேன்.

பத்தியம் வேலை செய்தது. அதை மறைத்து எழுதினால் இந்தக் குறிப்புக்கு அர்த்தமில்லை. செப்டம்பர் கடைசியில் பட்டர் பேப்பர்க் கோடு முதல்முறையாக உள்ளே வந்தது. புரட்டாசி முடிவதற்குள் முழங்காலில் செதில் நின்றுவிட்டது. திட்டின் நடுவே பழைய தோல் தெரிந்தது. வைத்தியர் இன்னொரு மண்டலம் என்றார். அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. லைன் முழுவதும் பலகார வாசம். அவர் கதவைச் சாத்திக்கொண்டு ஈரத்துணியை மூக்கில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

நான் முதலில் மண்ணை வாயில் வைத்தது அதற்கு முன்பு, ஐப்பசி மழை தொடங்கிய சமயத்தில். சாயங்காலம் கிண்ணத்தில் மண்ணைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். வாசம் எழும்பியது. மழை வாசம் யாருக்கும் பிடிக்கும், இது அப்படியல்ல. வாயின் இரு ஓரமும் இழுத்துக்கொண்டு எச்சில் சுரந்தது. ஒரு விரலில் எடுத்து நாக்கில் வைத்தேன். நறநறவென்று பல்லில் பட்டது. புளிப்பில்லை, இனிப்பில்லை, ஆனால் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று "ஆமாம்" என்றது. துப்பவில்லை.

மறுநாள் ஊறவைக்காமலே தின்றேன். பிறகு அவர் வேலைக்குப் போனதும் டின்னைத் திறப்பது வழக்கமாயிற்று. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. குனிந்து நிமிர்ந்தால் சுவர் கறுத்தது. மசக்கை என்று நினைத்தேன். டாக்டரம்மாவிடம் மாதாமாதம் போக வேண்டும். சாப்பாட்டைப் பற்றிக் கேட்பாரே என்று இரண்டு மாதம் போகவில்லை. டின்னில் மண் ஏன் இவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்று அவர் ஒருநாள் கேட்டார். சலிக்கும்போது கொட்டிவிட்டது என்றேன்.

தீபாவளி கழிந்து அக்கா இரண்டாவது பையோடு வந்தார். தம்பியின் சட்டைக் கையை மடித்துப் பார்த்து, முதுகைத் தடவி, கண் கலங்கினார். பிறகு என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"அட, இவ என்னமாத் தெளிஞ்சு போயிட்டா. உன்ற செவப்பு இறங்குச்சு, இவளுக்கு நெறம் ஏறிப்போச்சு" என்று தம்பியிடம் சொன்னார். "பொட்டப்புள்ளதான். எழுதி வெச்சுக்க கண்ணு, நீதான் எல்லாத்தையும் எழுதுவியே."

எழுதினேன். நவம்பர் இரண்டாம் வாரக் குறிப்பில் இருக்கிறது: "நிறம் கூடியிருப்பதாக எல்லோரும் சொல்கிறார்கள்." லைனில் எல்லோரும்தான் சொன்னார்கள். தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி, குங்குமப்பூ எந்தக் கடையில் வாங்குகிறாய் என்று கேட்டாள். கண்ணாடியில் என் உதடு காதோரத் தோலின் நிறத்தில் இருந்தது. எனக்கும் அது அழகாகத்தான் பட்டது. அவர் உடம்பிலிருந்து வெள்ளை உதிர்வது நின்றிருந்தது. வெள்ளை விரிப்பில் காலையில் ஒன்றுமே இருப்பதில்லை. கர்ப்பிணிக்குச் செய்யும் கட்டுச்சோறு விருந்தைப் பத்தியம் முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்று அக்கா சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பையை நான் பாதிக்கு மேல் தின்றிருப்பேன்.

கார்த்திகை தொடங்கிச் சில நாள் ஆகியிருக்கும். கரண்ட் இல்லை என்று கம்பெனியை மதியமே விட்டுவிட்டார்கள். நான் சமையல்கட்டில் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். டின் மடியில் இருந்தது. அவர் உள்ளே வந்தது காதில் விழவில்லை, நிமிர்ந்தபோது நின்றுகொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அது என்ற மேல பூசறதாச்சே அம்மணி" என்றார்.

வாய்க்குள் மண் இருந்தது.

"எத்தன நாளாத் திங்கற?"

விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னேன். "தெரியலீங்க."

அவர் குனிந்து என் கையைப் பிடித்து விரல் நகங்களைப் பார்த்தார். நகங்கள் நடுவில் குழிந்து கிடந்தன. இரும்பு கடைகிறவர், வளைவு தப்பினால் அவர் கண்ணுக்குத் தப்பாது. எழுந்து வெளியே போனார். பக்கத்து வீட்டு அம்மாவின் குரல் சுவருக்கு அப்பால் கேட்டது: "கடுகுங்களா? உங்க பத்தியம் முடிஞ்சுதுங்களா?"

"முடிச்சுப்போட்டேனுங்க."

கடுகும் இரண்டு முட்டையும் வாங்கிக்கொண்டு வந்தார். அதுவரை அவர் அடுப்பைப் பற்றவைத்து நான் பார்த்ததில்லை. வாணலியை வைத்து, உடம்பில் தடவ வைத்திருந்த தேங்காய் எண்ணெயை ஊற்றி, கடுகைக் கைநிறையப் போட்டார். அது வெடிக்கத் தொடங்கியதும், அடைத்துக் கிடந்த வீடு முழுவதும் அந்த வாசம் பரவியது. அவர் முகத்தைத் திருப்பவில்லை. வாணலிக்கு மேலேயே குனிந்து நின்றார். நான், வேண்டாங்க, வேண்டாங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். முட்டை கருகிவிட்டது. தட்டை என் முன்னால் வைத்துத் தின்று முடிக்கும் வரை எதிரே உட்கார்ந்திருந்தார். முட்டையில் எனக்கு ருசி தெரியவில்லை. டின்னை அவர் எங்கே வைத்தார் என்பதிலேயே என் கண் இருந்தது.

டாக்டரம்மா என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். கூட யார் வந்திருக்கிறது என்று கேட்டார். அன்றே சேர்த்துக்கொண்டார்கள். ரத்தம் கொடுக்க அவர் சட்டைக் கையைச் சுருட்டினார். முழங்கை மழித்தது போல் சுத்தமாக இருந்தது. குரூப் சேரவில்லை, கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்து கொடுத்தார். தனி டம்ளரை வைத்தவர் அவராகவும் இருக்கலாம்.

மண்ணைப் பற்றி நானே சொல்லிவிட்டேன். ரத்தம் இல்லாத பெண்கள் மண், சாம்பல், சிலேட்டுக்குச்சி தின்பது புதிதல்ல என்றார் டாக்டரம்மா. பிறகு அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று.

"எந்த எடத்து மண்ணு?"

காட்டு மண் என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதினார்.

மார்கழிக் குளிரில் என் வீட்டுக்காரருக்குத் திட்டுகள் எல்லாம் திரும்பி வந்தன. பழைய இடத்தில் மட்டுமல்ல, முதுகு முழுவதும், நகங்களிலும். அவர் வைத்தியரிடம் போகவில்லை. தோல் டாக்டரின் களிம்பையும் தேங்காய் எண்ணெயையும் எடுத்தார். என்னோடு உட்கார்ந்து கீரையும் முட்டையும் தின்றார். இன்றைக்கும் அது வரும், போகும்.

தை மாதம், சொன்ன தேதிக்கு முன்னதாகவே, பெண் குழந்தை பிறந்தது. மிகச் சிறியது. அழுவதற்கு நேரமாயிற்று. சில நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து கொடுத்தார்கள். பால் குடித்தாள், தேறினாள். ஒரு வயது கழிந்துதான் கவனித்தோம்: இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டாள். குறைமாதம், எடை குறைவு, தாய்க்கு ரத்தம் இல்லை, எதனாலும் இருக்கலாம் என்றார்கள். மண்ணால் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அதையும் எழுதிவைக்க வேண்டும்.

1996 கோடையில் அக்கா வந்திருந்தபோது பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். அந்தப் புற்று இப்போது இல்லை. பக்கத்துக் காட்டுக்காரர் தென்னங்கன்றுகளுக்குக் கரையான் வருகிறது என்று புற்றுக்குள் பூச்சிப்பொடியைக் கொட்டி அழித்துவிட்டார்.

"எப்பங்க?" என்று கேட்டேன்.

"இவ உன்ற வயித்துல இருக்கறப்பத்தான் கண்ணு" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே புரிந்தது. குழந்தையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரமே வெள்ளகோவில் போனேன். காட்டுக்காரர் கட்டில் போட்டு உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். ஒளிக்கவில்லை. அக்கா மண் எடுத்ததும் அவருக்குத் தெரியும். மேலாகத்தான் தூவினார்களா, ஓட்டைக்குள் கொட்டினார்களா என்று கேட்டேன், இரண்டும்தான் என்றார். எந்த மாதம் என்று கேட்டேன்.

"அந்த வருசந்தானுங்க. கன்னு நட்டு முடிச்சுப்போட்டுச் செஞ்சது. மழைக்கு முன்னாலன்னு நெனைக்கறேன்… பின்னாலன்னு இவ சொல்லுவா. பொய் சொல்லக் கூடாதுங்க, நெனவில்லீங்க."

அவர் மனைவி உள்ளேயிருந்து, தீபாவளிக்கு அப்புறம் என்றார். உடனே, இல்லை, அது போன வருசமோ என்றார்.

பொடி வாங்கிய கடையிலும் கேட்டுப் பார்த்தேன். அத்தனை பழைய பில் அவர்களிடம் இல்லை. முதல் பை ஆகஸ்ட் கடைசியில் வந்தது. இரண்டாவது பை தீபாவளிக்குப் பிறகு வந்தது. புற்றில் பொடி போட்டது உண்மை, 1994 என்பதும் ஏறக்குறைய உண்மை. இரண்டாவது பைக்கு முன்பா, பின்பா என்பதை என்னால் இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.