அக்கா ஜப்பானுக்குப் போன மாதம்

கல்வி, அறிவியல், பண்பாடு ஆகிய மூன்றிலும் நம் நாட்டையும் வெளிநாடுகளையும் சேர்த்துவைக்கிற தேசியக் குழு ஒன்று தில்லியில் இருக்கிறது. கேரள மலையில், தேவிகுளம் பக்கத்து எஸ்டேட்டின் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்த எங்களுக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் என் அக்காவை அவர்கள் தேர்ந்தெடுத்த பிறகுதான் தெரிந்தது. ஜப்பானில் தேயிலை விளைகிற மலையில் ஒரு பள்ளிக்கூடம். அக்கா அங்கே ஒரு மாதம் தங்கிப் பாடம் நடத்த வேண்டும். அந்தத் தேயிலைக்காட்டுப் பிள்ளைகளும் எங்கள் தேயிலைக்காட்டுப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மாவுக்கு இதெல்லாம் ‘டெல்லி ஆபீசு’ என்கிற அளவில் புரிந்தது.

எங்கள் ஊரில் ஒருத்தி வெளிநாடு போவது அவள் வீட்டு விஷயம் இல்லை. ஃபேக்டரி முக்கில் ‘யாத்ரையயப்பு’ என்று மலையாளத்திலும் ‘வழியனுப்பு விழா’ என்று தமிழிலும் ஃபிளெக்ஸ் கட்டினார்கள். அக்காவின் படத்துக்குப் பின்னால் விமானம் பறந்தது. வார்டு மெம்பர் பொன்னாடை போர்த்தினார். லயத்து மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தார்கள். கொழுந்தெடுக்கும் பெண்கள் லீவு போட்டுவிட்டு, இரண்டு ஜீப் நிறைய நெடும்பாசேரி வரைக்கும் வந்தார்கள். நானும் கல்யாணமாகிப் போன பாலக்காட்டிலிருந்து போய்ச் சேர்ந்துகொண்டேன். விமான நிலைய வாசலில் நாங்கள் அழுத அழுகையைப் பார்த்துக் காவலாளியே கொஞ்சம் கலங்கிப்போனார்.

அக்கா தில்லியில் இறங்கியதும்தான் சொன்னார்கள், விசா வரவில்லை என்று. பயணத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், இந்த வருஷம் வகுப்புகளைக் கணினி வழியாக நடத்தலாம் என்று முடிவாகியிருந்தது. அங்கிருந்த அதிகாரி தன்மையாகத்தான் பேசியிருக்கிறார். உங்கள் பள்ளிக்கே திரும்பிப் போங்கள், வகுப்பறையில் பிள்ளைகளோடு உட்காருங்கள், அங்கேயும் பிள்ளைகள் உட்காருவார்கள், நேருக்கு நேர் பேசட்டும், பள்ளியில் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றாராம். யோசித்துப் பார்த்தால் அக்கா மட்டும் போய்வருவதைவிட இது நல்ல ஏற்பாடு.

அக்கா எனக்கு ஃபோன் செய்தாள்.

“ரெண்டு ஜீப்பு நெறைய வந்து ஏத்திவிட்டாக ஏட்டி. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் மல ஏறுவேன்?”

“இங்க வாக்கா. மத்தத அப்புறம் பாத்துக்கிடலாம்” என்றேன்.

அப்படித்தான் என் அக்கா பாலக்காட்டில், எங்கள் ஃபிளாட்டின் பின்னறையில், ஜப்பானுக்குப் போனாள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒருத்தியைத் தலையில் தூக்கிவைத்து ஆடத் தெரியும். அவள் கீழே இறங்குவதற்கு ஒரு ஏணி போடத் தெரியாது. எனக்கு இன்றைக்கும் அந்தக் கோபம் தீரவில்லை.

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. அம்மா ஃபோனில், “அங்க குளுருதாட்டி? சொட்டரு போட்டுக்க” என்பாள். வியர்த்து வழிய ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அக்கா, “ஆமாம்மா, பயங்கரக் குளுரு” என்பாள். என் கணவர் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக்காரர். சாப்பிட உட்கார்ந்தால், “ஏனுங்க்கா, சப்பான்ல இப்ப மணி என்னங்க?” என்று ஆரம்பித்துவிடுவார். அக்காவும் சிரிப்பாள்.

வகுப்பு தொடங்கிய நாளில் அந்தச் சிரிப்பு போயிற்று. பின்னறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, லேப்டாப்பைத் திறந்துவைத்து அக்கா உட்கார்ந்தாள். நான் கதவோரம் நின்றேன். திரையில் ஒரு வகுப்பு முழுக்கப் பிள்ளைகள். ஆளுக்கொரு அட்டையில் தங்கள் பெயரைத் தமிழில் எழுதிப் பிடித்திருந்தார்கள். எழுத்து கோணலும் மாணலுமாக இருந்தாலும் வாசிக்க முடிந்தது. யாரிடம் கற்றுக்கொண்டார்களோ, எல்லோரும் எழுந்து நின்று “வணக்கம்” என்றார்கள். அக்கா ஒருத்தி மட்டும் “வணக்கம்” என்றாள்.

அந்த ஊர் டீச்சர் ஆங்கிலத்தில் கேட்டார், உங்கள் பிள்ளைகள் எங்கே என்று.

“எங்கள் மலையில் பலத்த மழை. கலெக்டர் பள்ளிகளுக்கு லீவு விட்டிருக்கிறார்” என்றாள் அக்கா.

அந்த டீச்சர் அதைத் தன் பிள்ளைகளுக்குச் சொன்னதும் அவர்கள் முகம் வாடிப்போனது எனக்கே தெரிந்தது. அடுத்த வகுப்பில் மண்சரிவு என்றாள். அதற்கடுத்து நெட் வரவில்லை என்றாள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளைகள் அட்டைகளோடு வந்து உட்கார்ந்து காத்திருந்தார்கள். வகுப்பு முடிந்ததும் அக்கா லேப்டாப்பை மூடிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். “ஊருக்கே போயிருவமாக்கா?” என்று ஒருநாள் கேட்டேன். “இனி எப்பிடிட்டி? குளுருதுன்னுல்ல சொல்லிட்டேன்” என்றாள்.

போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? டீக்கடையில் நாலு நாள் சிரித்திருப்பார்கள். அப்புறம் யாராவது கல்யாணம், யாராவது சண்டை என்று மறந்திருப்பார்கள். அந்த நாலு நாள் சிரிப்புக்குப் பயந்து நாங்கள் கொடுத்த விலை பெரிது. அடுத்த வருஷப் பயணமும் நடக்கவில்லை. வகுப்பில் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்த வேறொரு பள்ளியோடு அந்த ஜப்பான் பள்ளிக்காரர்கள் கைகோத்துவிட்டார்கள். அது நியாயம்தான்.

அந்த மாதம் முடிந்ததும் அக்காவைக் கூட்டிக்கொண்டு நானும் மலையேறினேன். கோயமுத்தூரில் வாங்கிய வெளிநாட்டுச் சாக்லேட் பையில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கைதட்டினார்கள். அக்கா சாக்லேட் கொடுத்தாள், அங்கேயும் தேயிலைச் சரிவுகள் நம் ஊர் மாதிரியேதான் இருக்கின்றன என்றாள். ஜப்பான் பிள்ளைகள் திரையில் வரைந்து காட்டிய படங்களில் பார்த்தது அது, பொய்யில்லை.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளை எழுந்தாள்.

“டீச்சர், அவுக யாராச்சும் எங்களப் பாக்கணும்னு கேட்டாகளா?”

கேட்டார்கள் என்று சொன்னால், ஏன் காட்டவில்லை என்ற கேள்வி வரும். அக்கா என்னை ஒரு தரம் பார்த்தாள்.

“இல்லம்மா. யாரும் கேக்கல” என்றாள்.

“சரி டீச்சர்” என்று அந்தப் பிள்ளை உட்கார்ந்துகொண்டது.