ரயிலை விட்டுவிட்டு அக்கா தேடிப் போன பெண்

எங்கள் அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை வீட்டார் தங்கையான என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

அக்கா பிறந்தது தாராவியில். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த எங்கள் அப்பாவுக்கு மூத்த மகள். அப்பா சீக்கிரமே நோயில் படுத்துவிட்டார். மெட்ரிக் முடித்த கையோடு அக்கா தட்டச்சு கற்று, மாட்டுத்தீவனம் விற்கும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தச் சம்பளத்தில்தான்.

அறுபதுகளின் நடுவில் அந்தக் கம்பெனி நம் திருநெல்வேலிப் பக்கத்து விவசாயிகளை பம்பாய்க்கு அழைத்து வந்தது. மாட்டுப் பண்ணைகளைக் காட்டுவது, கூடவே ஊரையும் சுற்றிக் காட்டுவது என்று ஏற்பாடு. இந்தியும் மராத்தியும் தெரிந்தவர் என்பதால் அக்காவைத் துணைக்கு அனுப்பினார்கள். கோரேகாவ் பக்கத்துப் பண்ணையில் எருமைகளைப் பார்த்தார்கள். படகேறி எலிபெண்டா குகைக்குப் போனார்கள். கடைசி நாள் மகாலட்சுமி கோயில். அன்று மாலை ரயிலில் பூனா போய் அங்கும் ஒரு பண்ணையைப் பார்க்க வேண்டும். அக்காவும் உடன் போவதாக இருந்தது.

கோயிலில் அன்று நல்ல கூட்டம். நேரமாகிவிட்டது என்று உடன் வந்த கம்பெனி மேனேஜர் அவசரப்படுத்தி பஸ்ஸைக் கிளப்பினார். ஸ்டேஷனில் மூட்டைகளை இறக்கும்போதுதான் சுடலைமுத்து என்பவர் தம் மனைவியைக் காணாமல் திகைத்தார்.

“பொம்பளைங்க கூட பின்னால இருக்கான்னுல்லா நெனச்சேன். எங்க தாயி பேச்சியம்மா?”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேச்சியம்மாள் ஏறவே இல்லை. அவருக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. எந்த ரயில், எந்த ஸ்டேஷன் என்பதும் தெரியாது.

மேனேஜர் மாதுங்காவில் குடியிருந்த தமிழர். “போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டு வா. ஒருத்திக்காக இத்தனை பேரையும் நிறுத்த முடியாது” என்றார்.

“நீங்க இவங்களக் கூட்டிட்டுப் போங்க சார். நானும் அண்ணாச்சியும் தேடிட்டு வாரோம்.”

“நீ ரயில் ஏறலைன்னா ஆபீஸ் பக்கம் வராதே.”

அக்கா சுடலைமுத்து அண்ணாச்சியை டாக்சியில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குத் திரும்பிவிட்டார்.

படிக்கட்டில் இல்லை, பிராகாரத்தில் இல்லை. கோயிலின் பின்னால் பாறைகளில் அலை ஏறிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி அங்கே போய் நின்றவர் பிறகு நகரவே இல்லை. கூப்பிட்டாலும் திரும்பவில்லை. தன் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை என்று அக்கா பின்னாளில் எங்களிடம் சொன்னார். இருந்தும் அண்ணாச்சியின் கையைப் பிடித்து இழுத்து வந்து, பூக்காரிகளிடம் மராத்தியில் விசாரித்தார். ஒருத்தி மட்டும், சிவப்புச் சேலை கட்டிய மதராசிப் பெண் அழுதுகொண்டு ரோட்டுப் பக்கம் போனதைப் பார்த்திருந்தாள்.

ரோடு இரண்டு பக்கமும் நீண்டு கிடந்தது. அக்கா அண்ணாச்சியிடம் கேட்டார்: “மதினி பயந்துட்டா என்ன செய்வாங்க?”

“என்னத்தச் சொல்ல? எங்க அம்மா ஏசினாலும் சரி, நான் ஏசினாலும் சரி, தொழுவத்துல போயி மாட்டோட இருந்துக்கிடுவா.”

அப்போது பம்பாய் நகரத்துக்குள்ளேயே எருமைத் தொழுவங்கள் இருந்தன. தபேலா என்பார்கள். பால் கேன்களோடு சைக்கிளில் போன ஒருவரை நிறுத்தி அக்கா இந்தியில் வழி கேட்டார். முதல் தபேலாவில் தலையாட்டி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் மாலைக் கறவை நடந்துகொண்டிருந்தது. வரிசையாகக் கட்டியிருந்த எருமைகளுக்கு அப்பால், வீட்டு வாசலில் அந்த வீட்டு அம்மாவின் பக்கத்தில் பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தார். கையில் டீ கிளாஸ். அண்ணாச்சி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார்.

பேச்சியம்மாளுக்கு வந்தது கோபம். “என்னைய விட்டுட்டுப் போக எப்படி மனசு வந்துச்சு?” என்று அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

“என் தப்புதான் மதினி. ஏறிட்டீங்களான்னு நான் பாத்திருக்கணும்” என்றார் அக்கா. அவசரப்படுத்திய மேனேஜரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு, “இங்க எப்படி வந்தீங்க?” என்று கேட்டார்.

“ஒருத்தரு பேச்சும் வெளங்கல. ரெண்டு எருமைய ஓட்டிட்டுப் போனாவ. பின்னாலயே வந்துட்டேன். மாடு வச்சிருக்க வீட்டுல பொம்பள இருக்கும்லா.”

அன்றிரவு இருவரும் எங்கள் ஒற்றை அறை வீட்டில் தங்கினார்கள். மறுநாள் அக்கா அவர்களை பூனா ரயிலில் ஏற்றிவிட்டு ஆபீசுக்குப் போனார். உள்ளே விடவில்லை.

பிறகு வந்த மாதங்கள் கடுமையானவை. ஒருநாள் அம்மா பொறுக்கமாட்டாமல், “யாரு பெத்த பிள்ளைக்கோ ஓடுனியே, இங்க இருக்கிறதுக யாரு பெத்தது?” என்று கேட்டுவிட்டார். “நான் தொலைஞ்சிருந்தா நீ ரயில் ஏறிருப்பியாம்மா?” என்றார் அக்கா. அம்மா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

பின்னர் அக்காவுக்குச் செம்பூரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். எங்கள் எல்லோருக்கும் கல்யாணம் செய்து வைத்த பிறகே தான் செய்துகொண்டார். அத்தானை இழந்த பின்னும் கலங்காமல் மகனை ஆளாக்கினார். கடைசி மாதங்களில் நடமாட்டம் குறைந்தபோதும், வருகிறவர்களை வாசல்வரை வந்து வழியனுப்பாமல் இருந்ததில்லை.

நோயில் தூக்கிப் பிடித்த மருமகளுக்கும், இரவு பகல் பாராமல் ஆஸ்பத்திரிக்கு அலைந்த செம்பூர் அண்டைவீட்டாருக்கும், கோபர்கைரனேயிலிருந்து தினமும் கஞ்சி கொண்டு வந்த தம்பி குடும்பத்தாருக்கும், மழையையும் பார்க்காமல் இறுதி ஊர்வலத்தில் நடந்த தாராவிச் சொந்தங்களுக்கும் எங்கள் நன்றி. இன்று வந்திருப்பவர்கள் எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அக்கா இருந்திருந்தால் யாரையும் பசியோடு அனுப்பியிருக்க மாட்டார்.